இரைப்பைப் புற்றுநோய் ரிப்போர்ட்டில் சி.டி.8, சி.பி.எஸ்., எம்.எம்.ஆர்.: ஜன்னலில் நின்று கேட்கப்படும் கேள்விகள்

புதுச்சேரியில் ஒரு திசுப் பரிசோதனைக் கூடத்தில் 22 வருடமாக டெக்னீஷியனாக இருக்கிறேன். எண்டோஸ்கோபியில் கிள்ளி எடுத்த துண்டானாலும் ஆபரேஷனில் எடுத்த முழு இரைப்பையானாலும் எங்களிடம் வந்து, மெழுகுக் கட்டையாகி, சீவலாகி, சாயம் ஏறி, அப்புறம்தான் பேத்தாலஜி டாக்டரின் மைக்ராஸ்கோப்புக்குப் போகும். ரிப்போர்ட் வாங்க கடலூர், பண்ருட்டி, விழுப்புரம், திண்டிவனம் என்று பல ஊர்க்காரர்கள் வருவார்கள். கவரைப் பிரித்து முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டு அதே ஜன்னலில் நின்று கேட்பார்கள்: "இது என்னங்க, நல்லதா கெட்டதா?"

முன்பெல்லாம் ரிப்போர்ட் அரைப் பக்கம்தான் இருக்கும். இப்போது நோய் எதிர்ப்பு அணுக்கள் பற்றிய எண்களும் சில ரிப்போர்ட்டுகளில் வருகின்றன. போனில் தேடினால் அந்த எண்களோடு "எவ்வளவு காலம் உயிரோடு இருப்பார்" என்ற பேச்சும் சேர்ந்தே வந்து நிற்கிறது. குடும்பம் நிலைகுலைந்து போகிறது. நான் டாக்டர் இல்லை. சிகிச்சை முடிவு உங்கள் புற்றுநோய் மருத்துவருடையது. ஆனால் அந்த எண் எப்படி வருகிறது, அதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பது எனக்குத் தெரியும். அதை மட்டும் இங்கே சொல்கிறேன்.

அப்பா ரிப்போர்ட்டில் சி.டி.3, சி.டி.8 என்று இருக்கிறது. இது ஒரு வகை கேன்சரா?

இல்லை. அது கட்டியின் பெயரே இல்லை. கட்டிக்குள்ளும் அதைச் சுற்றியும் வந்து நிற்கும் வெள்ளை அணுக்களின் அடையாளம்.

வண்டி நம்பர் பிளேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். பி.ஒய். 01 என்றால் புதுச்சேரி, டி.என். 31 என்றால் கடலூர். அதுபோல ஒவ்வொரு வெள்ளை அணுவின் மேல்தோலிலும் சில புரதங்கள் இருக்கும். எந்தப் புரதம் இருக்கிறது என்று பார்த்தால் அது எந்தக் கூட்டத்து அணு என்று சொல்லிவிடலாம். 1982-ல் பாரிஸில் ஆய்வாளர்கள் கூடி இந்தப் புரதங்களுக்கு வரிசை எண் கொடுக்க ஆரம்பித்தார்கள். சி.டி. என்ற எண்கள் அப்படி வந்தவை.

சி.டி.3 என்றால் பொதுவாக டி அணு. அதில் சி.டி.8 உள்ளவை நேரடியாகக் கட்டி அணுவைத் துளைத்துக் கொல்லக் கூடியவை. சி.டி.4 உள்ளவை பெரும்பாலும் மற்றவற்றை ஏவி வேலை வாங்குபவை. சி.டி.20 என்றால் பி அணு. சி.டி.68 என்றால் மேக்ரோஃபேஜ் எனப்படும் விழுங்கும் அணு. ஃபாக்ஸ்பி3 என்ற புரதம் உட்கருவுக்குள் இருக்கும். அது உள்ளவை தாக்குதலை அடக்கி வைக்கும் டி அணுக்கள்.

ஒன்றை இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நம்பர் பிளேட் வண்டி எந்த ஊர் என்று சொல்லும். ஓட்டுபவர் விழித்திருக்கிறாரா தூங்குகிறாரா என்று சொல்லாது. சி.டி.8-ம் அப்படித்தான். பின்னால் வரும் பாதிக் கேள்விகளுக்கு இதுதான் அடிப்படை.

இதை எப்படிப் பார்க்கிறீர்கள்? ரத்தத்திலா?

திசுவில். மெழுகில் பதித்த துண்டை மைக்ரோடோம் என்ற கருவியில் 4 மைக்ரான் கனத்துக்குச் சீவுவோம். தலைமுடியின் கனத்தில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். சீவலை வெதுவெதுப்பான தண்ணீரில் விட்டால், ஆறின பால்மேல் படிந்த ஆடை போல விரிந்து மிதக்கும். ஃபேன் காற்று பட்டாலே சுருண்டுவிடும் என்பதால் மே மாதத்தில்கூட அந்த மேஜைப் பக்கம் ஃபேன் போட மாட்டோம். கண்ணாடி ஸ்லைடைத் தண்ணீருக்குள் சாய்த்து அதை ஏந்தி எடுக்க வேண்டும்.

அப்புறம் சி.டி.8 புரதத்தை மட்டும் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும் எதிர்ப்பொருளை ஊற்றி, அதன்மேல் நிறம் தரும் வேதிப்பொருளைச் சேர்ப்போம். அந்த அணுக்கள் மட்டும் பழுப்பாகும். மற்றதெல்லாம் நீலம். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் நீல வயலில் கேழ்வரகை இறைத்த மாதிரி இருக்கும். டாக்டர் அந்தப் பழுப்புப் புள்ளிகளைத்தான் எண்ணுகிறார். சில இடங்களில் கம்ப்யூட்டர் எண்ணுகிறது.

சி.டி.8 நிறைய இருந்தால் நல்லது, குறைவாக இருந்தால் கெட்டது. இப்படி எடுத்துக்கொள்ளலாமா?

முதல் பாதி பொதுவாகச் சரி. பல நாடுகளில் ஆபரேஷன் செய்த ஆயிரக்கணக்கானவர்களின் திசுக்களை எண்ணிப் பார்த்து, ஆய்வுகளைத் தொகுத்தும் பார்த்துவிட்டார்கள். சி.டி.3, சி.டி.8 அணுக்கள் அடர்த்தியாக உள்ள கூட்டம், குறைவாக உள்ள கூட்டத்தைவிடச் சராசரியாக அதிக காலம் வாழ்கிறது. உடம்பு கட்டியை அந்நியன் என்று கண்டுகொண்டு ஆள் அனுப்பியிருக்கிறது என்பதன் அடையாளம் அது.

ஆனால் எத்தனை பேர் வந்தார்கள் என்பதோடு எங்கே நிற்கிறார்கள் என்பதும் முக்கியம். நான் சாயம் ஏற்றும் ஸ்லைடுகளில் மூன்று விதமான காட்சி வரும். ஒன்றில் பழுப்புப் புள்ளிகள் கட்டி அணுக்களுக்கு நடுவிலேயே, தோளோடு தோள் உரச நிற்கும். இன்னொன்றில் கட்டியின் ஓரத்தில் கூட்டமாகக் குவிந்திருக்கும், உள்ளே ஒன்றுகூட இருக்காது. திருவிழாக் கூட்டம் கயிறு கட்டிய இடத்தோடு நின்றுவிட்ட மாதிரி. மூன்றாவதில் எங்கு தேடினாலும் நீலம்தான். முதல் காட்சியும் இரண்டாவது காட்சியும் எண்ணிக்கையில் ஒன்றாகவே வரலாம். அர்த்தம் ஒன்றில்லை. பரவி ஊடுருவும் வகை இரைப்பைக் கட்டிகள் சிலவற்றில் நார்த்திசு கெட்டியாகச் சூழ்ந்துகொள்ளும். அணுக்கள் வந்தும் உள்ளே நுழைய முடியாமல் நிற்கும்.

மற்ற அணுக்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மேக்ரோஃபேஜ்களில் சி.டி.163 உள்ளவை பெரும்பாலும் கட்டிக்கு உதவுபவை. அவை மிகுந்திருந்தால் பல ஆய்வுகளில் பலன் மோசமாக இருந்தது. பி அணுக்களும் டி அணுக்களும் சேர்ந்து கட்டிக்குள்ளேயே குட்டி நிணநீர் முடிச்சு போலக் கூடு கட்டியிருந்தால் அது நல்ல அறிகுறி. ஃபாக்ஸ்பி3 விஷயத்தில் ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. தாக்குதலை அடக்கும் அணு என்பதால் கெட்டதாகத்தான் இருக்க வேண்டும் என்று தோன்றும்; ஆனால் சில ஆய்வுகளில் அவை அதிகம் உள்ளவர்கள் நன்றாகவே இருந்திருக்கிறார்கள். அதனால் அந்த எண்ணை வைத்து யாரும் தூக்கம் கெடுக்க வேண்டாம்.

சரி, எவ்வளவு இருந்தால் "அதிகம்"? கோடு எங்கே?

எல்லோரும் ஒப்புக்கொண்ட கோடு இரைப்பைப் புற்றுநோயில் இல்லை. பெரும்பாலான ஆய்வுகள் தங்களிடம் இருந்த நோயாளிகளை நடுவில் பிரித்து, மேல் பாதி "அதிகம்", கீழ் பாதி "குறைவு" என்று பெயர் வைக்கின்றன. ஒரு ஊரில் "அதிகம்" என்று வந்தவர் வேறு ஊர் ஆய்வில் "குறைவு" பக்கம் விழலாம்.

பெருங்குடல் புற்றுநோயில் நிலைமை கொஞ்சம் முன்னேறியிருக்கிறது. பாரிஸில் ழெரோம் காலோன் குழு, கட்டியின் நடுவிலும் ஓரத்திலும் சி.டி.3, சி.டி.8 இரண்டையும் எண்ணி மதிப்பெண் போடும் முறையை உருவாக்கியது. பல நாட்டு நோயாளிகளிடம் சரிபார்த்து 2018-ல் வெளியிட்டார்கள். இரைப்பைக்கு அப்படி ஒரு முறை இன்னும் அன்றாட சிகிச்சைக்குள் வரவில்லை. ரிப்போர்ட்டில் "சி.டி.8 குறைவு" என்று ஒரு வரி இருந்தால், அது ஒரு கவனிப்பு. தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அப்படியானால் எவ்வளவு காலம் என்பதை எதை வைத்துத்தான் சொல்கிறார்கள்?

முதலில் ஸ்டேஜ். சி.டி.8 போல ரிப்போர்ட்டில் வரும் அடையாளங்களை மார்க்கர் என்போம்; எந்த மார்க்கரும் ஸ்டேஜைத் தாண்டி நிற்பதில்லை. கட்டி இரைப்பைச் சுவரில் எத்தனை அடுக்கு இறங்கியிருக்கிறது, எத்தனை நிணநீர் முடிச்சுகளுக்குப் போயிருக்கிறது, கல்லீரலுக்கோ வயிற்று உறைக்கோ பரவியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். அமெரிக்கப் பதிவேட்டுக் கணக்கில், இரைப்பையோடு நின்ற நிலையில் கண்டுபிடித்தவர்களில் ஏறக்குறைய 75 சதவீதம் பேர் 5 வருடம் தாண்டுகிறார்கள். பக்கத்து முடிச்சுகளுக்குப் போயிருந்தால் மூன்றில் ஒருவர். தூரத்தில் பரவியிருந்தால் 10 சதவீதத்துக்கும் கீழே. நம் நாட்டில் பெரும்பாலானவர்கள் தாமதமாக வருகிறார்கள். வயிறு எரிச்சல் என்று ஒரு வருடம் மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிப் போட்டுவிட்டு வருபவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஆறவே இல்லை.

ஆபரேஷன் ரிப்போர்ட்டில் ஒரு எண்ணைக் கட்டாயம் பாருங்கள்: எத்தனை நிணநீர் முடிச்சுகளைச் சோதித்தார்கள் என்பது. 16-க்குக் குறையாமல் பார்க்க வேண்டும் என்பது ஸ்டேஜ் விதிகளின் பரிந்துரை. 6 முடிச்சை மட்டும் பார்த்து "ஒன்றிலும் இல்லை" என்பதற்கும் 25 பார்த்து "ஒன்றிலும் இல்லை" என்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். சி.டி.8 எத்தனை என்று கேட்கும் முன் இதைக் கேளுங்கள்.

இணையத்தில் "மீடியன் 14 மாதம்" என்று இருந்தது. அப்பாவுக்கு 14 மாதம்தானா?

கடலூர் பழைய நகரத்திலிருந்து வந்த ஒரு பெண் இதைத்தான் கேட்டார். கைப்பையிலிருந்து ஒரு சின்ன காலண்டரை எடுத்துக் காட்டினார். அடுத்த வருடத்து மாதம் ஒன்றைப் பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி வட்டமிட்டிருந்தார். பேனா அழுத்தத்தில் தாள் கிழிந்திருந்தது. தங்கை கல்யாணத்தை அதற்கு முன்னால் முடித்துவிட வேண்டும் என்று மண்டபம் தேடிக்கொண்டிருந்தார். அவருடைய அப்பாவுக்கு அன்று கீமோ ஆரம்பிக்கக்கூட இல்லை.

மீடியன் என்றால் நடு ஆள். ஒரே சிகிச்சை பெற்ற 100 பேரை, வாழ்ந்த காலப்படி வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவர் எவ்வளவு காலம் இருந்தார் என்பதுதான் அந்த 14. அவருக்கு அந்தப் பக்கம் 50 பேர் நிற்கிறார்கள். அவர்களில் சிலர் 15 மாதம், சிலர் 3 வருடம், சிலர் 5 வருடம் தாண்டியும் இருப்பார்கள். வரிசையில் உங்கள் அப்பா எந்த இடத்தில் என்று அந்த ஒற்றை எண் சொல்லாது. நடந்து வந்து ஓ.பி.யில் உட்காரும் தெம்பு, எடை இறங்கும் வேகம், வேறு வியாதிகள், கட்டியின் மார்க்கர்கள் எல்லாம் சேர்ந்துதான் அந்த இடத்தைத் தீர்மானிக்கும்.

அந்தப் பெண்ணிடம் டாக்டரைக் கேட்கச் சொல்லி ஒரு கேள்வியைச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன்: "எங்கள் அப்பாவின் மார்க்கர்களால் சிகிச்சையில் எது மாறும்?" உங்களுக்கும் அதையே சொல்கிறேன். எத்தனை மாதம் என்று கேட்டால் எந்த டாக்டரும் தயங்குவார். இந்தக் கேள்விக்குப் பதில் உண்டு.

சி.பி.எஸ். 10 என்று போட்டிருக்கிறது. பத்துக்குப் பத்தா, நூற்றுக்குப் பத்தா?

மார்க் இல்லை அது. பி.டி.எல்.1 என்ற புரதத்தின் கணக்கு. அதன் கதையைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் எண் தானாகப் புரியும்.

டி அணுவின் மேல் பி.டி.1 என்று ஒரு பிரேக் இருக்கிறது. நம் உடம்பையே நம் அணுக்கள் தாக்கிவிடக் கூடாது என்பதற்காக இயற்கை வைத்தது. 1992-ல் ஜப்பானின் கியோட்டோவில் தசுக்கு ஹோன்ஜோ குழு அதைக் கண்டுபிடித்தது. கட்டி அணுவும் அதைச் சுற்றியுள்ள சில அணுக்களும் பி.டி.எல்.1 என்ற புரதத்தை நீட்டி அந்த பிரேக்கை அழுத்திவிடுகின்றன. சி.டி.8 அணு வந்தும் கைகட்டி நிற்கிறது. நம்பர் பிளேட் ஓட்டுநரைப் பற்றிச் சொல்லாது என்றேனே, அது இதுதான். பிரேக்கிலிருந்து காலை எடுக்க வைக்கும் மருந்துகள்தான் நிவோலுமாப், பெம்ப்ரோலிசுமாப் போன்றவை. இம்யூனோதெரபி என்று சொல்வது இவற்றைத்தான். இப்படி பிரேக்கை விடுவிக்கும் சிகிச்சைக்காக 2018-ல் ஹோன்ஜோவும் அமெரிக்காவின் ஜேம்ஸ் ஆலிசனும் நோபல் பரிசு பெற்றார்கள்.

கணக்கு இப்படி: பி.டி.எல்.1 சாயம் ஏறிய கட்டி அணுக்கள், லிம்போசைட்டுகள் (டி, பி போன்ற வெள்ளை அணுக்கள்), மேக்ரோஃபேஜ்கள் மூன்றையும் கூட்டி, உயிருள்ள மொத்தக் கட்டி அணுக்களால் வகுத்து, 100-ஆல் பெருக்க வேண்டும். 200 கட்டி அணு இருக்கிறது, சாயம் ஏறியவை 12 கட்டி அணு, 8 வெள்ளை அணு என்றால், 20-ஐ 200-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கினால் 10. குறைந்தது 100 கட்டி அணுவாவது ஸ்லைடில் இருந்தால்தான் இந்தக் கணக்குச் செல்லும். எண்டோஸ்கோபி துண்டு மிகச் சின்னதாக இருந்தால் "போதவில்லை" என்று ரிப்போர்ட் வருவது அதனால்தான்.

இதன் பயன் என்ன? 2021-ல் லான்செட்டில் வெளியான செக்மேட் 649 ஆய்வில், கட்டி அணுவின் மேல் ஹெர்2 என்ற புரதம் மிகுந்திராத, முற்றிய நிலையில் இருந்தவர்களுக்குக் கீமோவோடு நிவோலுமாப் சேர்த்துக் கொடுத்தார்கள். சி.பி.எஸ். 5-ம் அதற்கு மேலும் இருந்தவர்களின் மீடியன் 11.1 மாதத்திலிருந்து 14.4 மாதமானது. இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் வரிசையின் கடைசியைப் பாருங்கள்: 3 வருடம் தாண்டியவர்கள் கீமோ மட்டும் பெற்றவர்களில் 10 சதவீதம், மருந்து சேர்த்தவர்களில் 21 சதவீதம். இரட்டிப்பு. சி.பி.எஸ். 1-க்கும் கீழே உள்ளவர்களுக்குப் பலன் தெளிவாக இல்லை. 2024 செப்டம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் ஆலோசனைக் குழு, அவர்களுக்கு இதைக் கொடுப்பதை ஆதரிக்க முடியாது என்று பெரும்பான்மையாக வாக்களித்தது.

ஒரு விசித்திரம்: கட்டி தன்னைக் காத்துக்கொள்ளும் புரதம் அதிகமாக இருப்பது கெட்ட செய்தி என்று தோன்றும். ஆனால் பெரும்பாலும் டி அணுக்கள் நெருங்கி வந்த இடத்தில்தான் அந்தப் புரதம் ஏறுகிறது. அதனால் மருந்துக்கு அதுவே வாசல்.

இரண்டு லேபில் சி.பி.எஸ். வேறு வேறாக வந்தது. யாரோ தப்புச் செய்துவிட்டார்களா?

அப்படி இருக்க வேண்டியதில்லை. கட்டியின் ஒரு மூலையில் 2 இருக்கும், இன்னொரு மூலையில் 15 இருக்கும். லேபுகள் பயன்படுத்தும் எதிர்ப்பொருளும் ஒன்றாக இருக்காது. மேக்ரோஃபேஜைச் சேர்த்து எண்ணுவதில் டாக்டருக்கு டாக்டர் சிறு வேறுபாடும் வரும். 4-க்கும் 6-க்கும் இடையில் எண் ஊசலாடினால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல், எந்தத் துண்டில் பார்த்தது என்று டாக்டரிடம் கேளுங்கள்.

எம்.எம்.ஆர். "லாஸ்" என்று வந்திருக்கிறது. லாஸ் என்றால் நஷ்டம்தானே?

இந்தக் கேள்விக்காகவே இந்தப் பக்கத்தை எழுதலாம். அந்தச் சொல்லைப் படித்துவிட்டு ஜன்னலிலேயே அழுதவர்கள் உண்டு. ஆனால் இரைப்பைப் புற்றுநோய் ரிப்போர்ட்டில் வரக்கூடிய நல்ல செய்திகளில் அது ஒன்று.

எம்.எம்.ஆர். சோதனையில், அணு பிரியும்போது மரபுச் சரத்தில் (டி.என்.ஏ.) ஏற்படும் எழுத்துப் பிழைகளைத் திருத்தும் புரதங்கள் நான்கை நாங்கள் பார்ப்போம்: எம்.எல்.எச்.1, பி.எம்.எஸ்.2, எம்.எஸ்.எச்.2, எம்.எஸ்.எச்.6. கட்டி அணுவில் இவற்றில் ஏதாவது சாயம் ஏறாமல் போனால் "லாஸ்". திருத்துபவர் இல்லாததால் கட்டி அணுவில் பிழைகள் குவிந்து, அதன் முகமே மாறிவிடுகிறது. டி அணுக்கள் அதை எளிதாக அடையாளம் கண்டு பெருங்கூட்டமாக வருகின்றன. இந்த ஸ்லைடுகளில் பழுப்புப் புள்ளி அப்பிக் கிடக்கும். டாக்டர் சொல்வதற்கு முன்பே எங்களுக்குச் சந்தேகம் வந்துவிடும்.

2019-ல் நான்கு பெரிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் இந்த வகையினர் 77.5 சதவீதம் பேர் 5 வருடம் உயிரோடிருந்தார்கள், மற்றவர்கள் 59.3 சதவீதம். அதே தொகுப்பில் இந்த வகையினருக்குக் கீமோவால் கூடுதல் பலன் தெரியவில்லை. பிரான்சில் இந்த வகை நோயாளிகள் 32 பேருக்கு ஆபரேஷனுக்கு முன் கீமோ இல்லாமல் இரண்டு இம்யூனோதெரபி மருந்துகளை மட்டும் கொடுத்தார்கள். ஆபரேஷன் ஆன 29 பேரில் 17 பேரின் திசுவில் உயிருள்ள கட்டி அணு ஒன்றுகூட இல்லை. இரைப்பைப் புற்றுநோயில் இப்படி ஒரு வரியைப் படிப்பேன் என்று நான் வேலைக்குச் சேர்ந்தபோது நினைக்கவில்லை.

2014-ல் வெளியான மரபணு வரைபட ஆய்வில் ஐந்தில் ஒரு கட்டி இந்த வகை. முற்றிய நிலையில் இதைவிடக் குறைவு. ஆனாலும் சிகிச்சையையே திசை திருப்பக்கூடிய சோதனை என்பதால், ரிப்போர்ட்டில் எம்.எம்.ஆர். என்ற வரி இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். சில குடும்பங்களில் இது லிஞ்ச் என்ற பரம்பரைக் கோளாறால் வருவதுண்டு. அப்பாவின் உடன்பிறந்தவர்களில் யாருக்காவது குடல் அல்லது கருப்பைப் புற்றுநோய் இருந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

அதே ஆய்வில் 9 சதவீதக் கட்டிகளில் எப்ஸ்டீன்-பார் என்ற வைரஸ் இருந்தது. அந்த வகையிலும் டி அணுக்கள் நிறைந்திருக்கும், பலனும் பொதுவாக நன்றாக இருக்கும்.

ஹெர்2?

அது நோய் எதிர்ப்பு அணுவின் மார்க்கர் இல்லை, கட்டி அணுவின் மேல் இருப்பது. முற்றிய நிலை என்றால் கட்டாயம் பார்க்க வேண்டும். ஐந்தில் ஒருவருக்கு, அல்லது அதற்குச் சற்றுக் குறைவானவர்களுக்கு இருக்கும். இருந்தால் டிராஸ்டுசுமாப் மருந்து உண்டு. 2010-ல் வந்த ஆய்வில் அது மீடியனை 11.1-லிருந்து 13.8 மாதமாக்கியது. இப்போது அதோடு இம்யூனோதெரபியையும் சேர்க்கிறார்கள்.

ஆபரேஷன் செய்யக்கூடிய நிலையில்தான் இருக்கிறார். இந்த மார்க்கர்கள் எங்களுக்குத் தேவையா?

எம்.எம்.ஆர். தேவை. மேலே சொன்ன காரணம்தான். மற்றபடி ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் ஃபிளாட் என்ற நான்கு மருந்துக் கீமோ கொடுப்பது பல இடங்களில் வழக்கம். 2019-ல் வந்த ஜெர்மன் ஆய்வில் பழைய கீமோவில் 35 மாதமாக இருந்த மீடியன் இதில் 50 மாதமானது. 2025-ல் அதோடு டுர்வாலுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்தைச் சேர்த்துப் பார்த்தார்கள். 2 வருடத்தில் நோய் திரும்பாமலும் முற்றாமலும் இருந்தவர்கள் 58.5-லிருந்து 67.4 சதவீதமானார்கள்.

சாதாரண ரத்தப் பரிசோதனையில் ஏதாவது தெரியுமா?

வெள்ளை அணுக்களில் நியூட்ரோஃபில் என்ற வகையின் சதவீதத்தை லிம்போசைட் சதவீதத்தால் வகுத்துப் பார்ப்பார்கள். 70-ம் 20-ம் என்றால் 3.5. இது உயர்ந்திருக்கும் கூட்டத்தில் பலன் குறைவு என்பது பல ஆய்வுகளில் வந்திருக்கிறது. ஆனால் சளி பிடித்தாலும் ஏறும், ஸ்டீராய்டு ஊசி போட்டாலும் ஏறும். ஒவ்வொரு ரத்த ரிப்போர்ட்டுக்கும் போனில் கால்குலேட்டரைத் திறக்காதீர்கள்.

நிலவேம்பு, சீந்தில், மஞ்சள் கொடுத்தால் சி.டி.8 ஏறுமா?

கட்டிக்குள் போய் நிற்கும் டி அணுக்களை இவை கூட்டி நோயாளியை அதிக காலம் வாழ வைக்கும் என்று காட்டிய ஆய்வு கிடையாது. அம்மா கஷாயம் வைத்துக் கொடுப்பதன் அன்பு எனக்குப் புரிகிறது. ஆனால் சீந்தில் விஷயத்தில் எச்சரிக்கை. அதைத் தொடர்ந்து சாப்பிட்டவர்களுக்குக் கல்லீரல் அழற்சி வந்ததை 2021-ல் மும்பை மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். இம்யூனோதெரபி மருந்தாலும் கல்லீரல் அழற்சி வரலாம். இரண்டும் சேர்ந்தால் எதனால் வந்தது என்று தெரியாமல் நல்ல மருந்தை நிறுத்த வேண்டி வரும்.

உண்மையில் கைக்கு எட்டுகிற காரியம் சாப்பாடும் எடையும். இரைப்பையை எடுத்தவருக்கு மூன்று வேளைச் சாப்பாடு ஒத்துவராது. ஆறு ஏழு தடவை கொஞ்சம் கொஞ்சமாக: இரண்டு இட்லி, ஒரு முட்டை, குழையவிட்ட சாதத்தில் முள் எடுத்த மீன், நடுவில் சுண்டல் மாவுக் கஞ்சி. முழு இரைப்பையும் எடுத்தவருக்கு பி12 உணவிலிருந்து உடம்பில் சேராது. வாழ்நாள் முழுவதும் டாக்டர் சொல்கிறபடி ஊசி வேண்டும். கல்லீரலில் சேமிப்பு இருப்பதால் முதல் ஒன்றிரண்டு வருடம் குறை தெரியாது. அப்புறம் கால் மரத்துப்போகும். அந்த ஊசியை மறந்தவர்கள் நிறைய.

கருவாடு சாப்பிட்டதால்தான் வந்ததா? எங்கள் வீட்டில் எல்லோரும் கடலோரத்துக்காரர்கள்.

ஒரு தட்டுக் கருவாட்டுக் குழம்பின்மேல் பழி போட வேண்டாம். உப்பில் ஊறிய உணவை வருடக்கணக்கில் அதிகம் சாப்பிடுவது இரைப்பைப் புற்றுநோயின் வாய்ப்பைக் கூட்டுகிறது என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. ஆனால் முதல் காரணம் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி. பாரி மார்ஷல், ராபின் வாரன் இருவரும் அதைக் கண்டுபிடித்ததற்கு 2005-ல் நோபல் பரிசு கிடைத்தது. 1994-லேயே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு அதைப் புற்றுநோய்க் காரணி என்று அறிவித்துவிட்டது. புகையும் சேர்ந்தால் இன்னும் மோசம். அப்பாவுக்கு வந்திருந்தால் பிள்ளைகளும் உடன்பிறந்தவர்களும் அந்தக் கிருமிச் சோதனையைப் பற்றி டாக்டரிடம் பேசுங்கள். மருந்தால் தீரக்கூடிய கிருமி அது.

இம்யூனோதெரபிக்கு வசதி இல்லாதவர்கள் என்ன செய்வது?

வசதி இல்லை என்று மார்க்கர் சோதனையையே விட்டுவிடாதீர்கள். கோரிமேட்டில் ஜிப்மர் மண்டலப் புற்றுநோய் மையம் இருக்கிறது. கடலூர், விழுப்புரம் மாவட்டத்தவர்களுக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கும், புதுச்சேரிக்காரர்களுக்கு ஆயுஷ்மான் பாரத். எந்த மருந்து எதில் வரும் என்பது மாறிக்கொண்டே இருப்பதால் மருத்துவமனையின் காப்பீட்டு மேஜையில் மருந்தின் பெயரைச் சொல்லியே கேளுங்கள்.

குறைந்த அளவு மருந்து பற்றியும் கேட்கிறார்கள். மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனை, தலை-கழுத்துப் புற்றுநோயில் 20 மில்லிகிராம் நிவோலுமாபை மட்டும் சேர்த்துப் பார்த்தது; வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஒரு வருடம் தாண்டியவர்கள் 16.3-லிருந்து 43.4 சதவீதமானார்கள். அது தலை-கழுத்துக்கு நடந்த ஆய்வு, இரைப்பைக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆனால் டாக்டரிடம் எடுத்துப் பேசத் தகுந்த விஷயம்.

வேறு ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். ரிப்போர்ட் மட்டும் போதுமா?

போதாது. மெழுகுக் கட்டையை, அதாவது பிளாக்கை, எழுதிக் கொடுத்து வாங்கிக்கொள்ளுங்கள். மேலே சொன்ன எல்லாச் சோதனையும் அதிலிருந்துதான். சீவி வைத்த ஸ்லைடுகளை மட்டும் வாங்கினால் மாதக்கணக்கில் வைத்திருக்கும்போது பி.டி.எல்.1 சாயம் மங்கிவிடும். கட்டையில் வருடக்கணக்கில் நிற்கும். எண்டோஸ்கோபி செய்யும்போதே ஐந்தாறு துண்டாவது எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். அது, திசு கெடாமல் காக்கும் ஃபார்மலின் திரவத்தில்தான் வர வேண்டும். ஒரு முறை ஒரு பெரியவரின் துண்டு சலைன் தண்ணீரில் போட்டு பஸ்ஸில் வந்தது. எங்களிடம் வந்து சேர்ந்தபோது அது அழுகியிருந்தது, ஒரு மார்க்கரும் ஏறவில்லை. இரண்டு வாரம் கழித்து அவர் மறுபடி குழாய் விழுங்கினார்.

பிளாக்கை வாங்கியதும் காகிதக் கவரில் போட்டு, பெயரும் பயாப்சி எண்ணும் எழுதி, கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கூட்டர் டிக்கியில் வேண்டாம். மெழுகு 56 டிகிரியை ஒட்டி உருகும். அக்னி நட்சத்திரத்தில் வெயிலில் நிற்கும் வண்டியின் டிக்கிக்குள் வைத்தால் இளகிவிடும். பஸ்ஸிலும் ஜன்னல் ஓரம் வைக்காமல் மடியில் வைத்துக்கொண்டு போங்கள்.